அஸ்பாரகஸ் பிரட்டினால் அடி நாராகவும் நுனி கூழாகவும் ஆகிறது, எங்கே தவறினேன்?

லயத்துவாசல், சுங்கை சிப்புட்
வெள்ளி, இரவு 9.10

வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் மனசு ஆறவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 76 வயது. நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இப்போது தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்து என்னோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். போன வாரம் சின்ன மாமா மகன் கல்யாணத்தில் சீனர் விருந்து. இறாலோடு பிரட்டிய பச்சைத் தண்டு ஒரு தட்டு வந்தது. அப்பா இரண்டு தடவை எடுத்துப் போட்டுக்கொண்டார். “இது என்னம்மா, முருங்கைப் பிஞ்சு மாதிரி இருக்கு, சக்கையே இல்லையே” என்றார். பல் பாதிக்கு மேல் போய்விட்ட மனிதர். அவர் ஒரு காயை ஆசையாக எடுத்துச் சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

அதனால் புதன்கிழமை காலைச் சந்தையில் இரண்டு கட்டு வாங்கினேன். கட்டு 8 வெள்ளி (ரிங்கிட்). வேலைக்கு ஓடும் அவசரத்தில் பையோடு சமையல்கட்டு மேடையிலேயே வைத்துவிட்டேன். இன்றுதான் சமைக்க முடிந்தது. பயத்தங்காய்க்கு நறுக்குவது போல நறுக்கி, வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, தண்ணீர் தெளித்து, மூடி போட்டுப் பதினைந்து நிமிடம் வைத்தேன். நுனியெல்லாம் கூழ். அடித்துண்டு கயிறு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மென்று மென்று பார்த்துவிட்டு, கரும்புச் சக்கை மாதிரி தட்டின் ஓரத்தில் வரிசையாக எடுத்து வைத்தார். எட்டுத் துண்டு. அதைக் கழுவும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எப்படிப் பார்த்து வாங்குவது, அடியில் எவ்வளவு வெட்டுவது, எத்தனை நிமிடம் அடுப்பில் வைப்பது? ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சந்தைக்குப் போகிறேன். அன்று மதியமே செய்துகொடுக்க வேண்டும்.

ஈயச்சட்டி, ஈப்போ
வெள்ளி, இரவு 9.48

தங்கச்சி, உங்கள் கையில் குறையில்லை. இரண்டு இடத்தில் சறுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். நான் ஹோட்டல் சமையலறையில் 22 வருஷம் நின்றவன். இந்தத் தண்டைக் கூடை கூடையாகச் சீவியிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

அஸ்பாரகஸைக் காய் என்று நினைக்காதீர்கள். அது குருத்து. மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கட்டையிலிருந்து முளைத்து மேலே வருவதை வெட்டிக் கட்டுகிறார்கள். மூங்கில் குருத்து எப்படியோ அப்படி. வெட்டிய பிறகும் அது வளரத்தான் பார்க்கும். படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளையும். அதனால்தான் நல்ல சரக்கைப் பெட்டியில் நிற்க வைத்து அனுப்புகிறார்கள். காய்கறிகளில் மிக வேகமாக மூச்சு விடுகிறவற்றில் இதுவும் ஒன்று. தன்னிடம் இருக்கும் இனிப்பைத் தானே எரித்துக்கொண்டே இருக்கும். வெட்டிய அடியிலிருந்து மேல்நோக்கி நாரும் முற்றிக்கொண்டே வரும். நம்மூர்ச் சூட்டில், பைக்குள், மேடையில் இரண்டு நாள் கிடந்தால் யார் சமைத்தாலும் அடி கயிறுதான்.

இரண்டாவது, ஒரே தண்டில் இரண்டு வயது இருக்கிறது. அடி முந்தி வந்தது, நுனி இன்றைக்கு நேற்று வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் சட்டியில் போட்டு மூடினால் நுனி கரைந்து, அடி அப்படியே நிற்கும். நீங்கள் பார்த்தது அதுதான்.

வாங்கி வந்ததும் ரப்பர் வளையத்தைக் கழற்றுங்கள். அடியில் அரை அங்குலம் வெட்டிவிட்டு, பூ வைப்பது போல ஒரு கிளாஸில் ஒரு அங்குலத் தண்ணீர் விட்டு நிற்க வையுங்கள். மேலே ஒரு பையைத் தொளதொளவென்று கவிழ்த்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். தண்ணீர் கலங்கினால் மாற்றுங்கள். அப்படியும் இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுவது நல்லது. வாங்கிய அன்றே சமைத்தால் அந்தச் சுவையே வேறு.

காய்கறிலோரி, தாப்பா
வெள்ளி, இரவு 10.20

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் கேமரன் மலையிலிருந்து கோஸ், தக்காளி, சாலட் இலை ஏற்றிவருபவன். அஸ்பாரகஸ் மட்டும் மலையிலிருந்து எனக்கு அவ்வளவாக வருவதில்லை. கடைகளுக்கு நான் இறக்குவது பெரும்பாலும் தாய்லாந்துப் பெட்டி. பேரங்காடியில் பெரு நாட்டுச் சரக்கும், ஆண்டின் கடைசி மாதங்களில் ஆஸ்திரேலியாச் சரக்கும் பார்க்கலாம். பெருவிலிருந்து வருவது கடல் தாண்டி வரும் சரக்கு, அதனால் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் அக்கா. எந்த நாடு என்பதைவிட, வெட்டி எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். அதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, தண்டே சொல்லிவிடும்.

நுனியை முதலில் பாருங்கள். மொட்டு மாதிரி இறுக மூடியிருக்க வேண்டும். செதில் விரிந்து பூவாகத் தொடங்கியிருந்தால் அது கிழம். நுனியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பச்சைப் பட்டாணி வாசனை வந்தால் நல்லது. லேசாகப் புளித்த வாடை அடித்தாலே கட்டின் நடுவில் அழுகல் இருக்கிறது என்று அர்த்தம். சில கடைகளில் வாடாமல் இருக்க நுனியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், அதுதான் அழுகலைக் கொண்டுவருகிறது. தண்ணீர் வேண்டியது அடிக்கு, தலைக்கு இல்லை.

அடுத்து தண்டு. உருண்டு, விறைப்பாக இருக்க வேண்டும். நீளவாக்கில் வரிவரியாகக் குழி விழுந்திருந்தால் நீர் வற்றிவிட்டது. அடிவெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஈரமாக, வெளுத்த பச்சையாக இருந்தால் எடுங்கள். காய்ந்து பிளந்து மரத்துண்டு மாதிரி இருந்தால் வைத்துவிடுங்கள். இன்னொன்று, இது எனக்கு ஒரு சீனக் கிழவி சொல்லிக்கொடுத்தது. இரண்டு தண்டை ஒன்றோடொன்று உரசுங்கள். புதுசாக இருந்தால் கீச்சென்று சத்தம் வரும். பழசு சத்தமே போடாது.

செம்பனைக்காடு, தெலுக் இந்தான்
சனி, காலை 7.05

நான் எப்போதும் பென்சில் மாதிரி ஒல்லியானதைத்தான் எடுப்பேன். தடித்தது முற்றியது, அது நார்தான். வெண்டைக்காய், பயத்தங்காய் எல்லாவற்றுக்கும் அதுதானே கணக்கு? அக்கா, பெரியவருக்குச் செய்வதாக இருந்தால் ஒல்லியானதையே எடுங்கள்.

ஈயச்சட்டி, ஈப்போ
சனி, காலை 8.30

தம்பி, இந்த ஒரு இடத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. பெரியவருக்குச் செய்வது என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

வெண்டைக்காய் நாளாக நாளாகத் தடிக்கும், முற்றும். குருத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒல்லியாக முளைத்தது ஒல்லியாகவே உயரும், தடியாக முளைத்தது தடியாகவே வரும். நாளாகித் தடித்தது என்று ஒன்று கிடையாது. வேர்க்கட்டை வலுவாக இருந்தால் தடித்த குருத்து விடும், இளைத்திருந்தால் ஒல்லியாக விடும். தோட்டத்து ஆள்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: தென்னையிலோ செம்பனையிலோ குருத்தை வெட்டிப் பாருங்கள், நல்ல மரத்துக் குருத்து கனமாக, வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி இருக்கும்.

நார் அதிகம் இருப்பது தோலிலும் தோலை ஒட்டியும்தான். ஒல்லித் தண்டில் தோல் அதிகம், சதை குறைவு. அதைச் சீவவும் முடியாது, சீவினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சுண்டுவிரல் தடிமனுக்கு மேல் உள்ளதைத் தோல் சீவினால் உள்ளே முழுக்கச் சதை. பல் இல்லாதவருக்கு அதைவிட மெதுவானது கிடையாது. அவசரப் பிரட்டலுக்கு, முட்டையில் கலக்க, ஒல்லியானது நன்றாகவே இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. எதை எடுத்தாலும் ஒரே கட்டில் எல்லாம் ஒரே தடிமனாக இருக்கட்டும், அப்போதுதான் ஒன்றாக வேகும்.

கூலிம்சமையல், கூலிம்
சனி, காலை 9.15

சீவுவதா? தொலைக்காட்சியில் எல்லாரும் இரண்டு கையாலும் பிடித்து வளைக்கிறார்கள், முற்றிய இடத்தில் அதுவே ஒடியும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒடிந்த அடி குப்பைக்கு.

லயத்துவாசல், சுங்கை சிப்புட்
சனி, காலை 9.40

எல்லாருக்கும் நன்றி. நானும் ஒடிப்பதைப் பற்றிக் கேட்க இருந்தேன். 8 வெள்ளி கட்டில் பாதியைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

ஈயச்சட்டி, ஈப்போ
சனி, முற்பகல் 10.25

கூலிம் தம்பி, தண்டு எங்கே ஒடிகிறது என்பது நீங்கள் எங்கே பிடித்து வளைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கையை மேலே வைத்தால் மேலே ஒடியும், கீழே வைத்தால் கீழே ஒடியும். நார் எங்கே முடிகிறது என்று தண்டுக்குத் தெரியாது. கத்தியால் அடியில் வெள்ளையாக இருக்கும் கட்டை முனையை மட்டும் வெட்டிவிட்டு, அடுத்த மூன்றில் ஒரு பங்கைச் சீவிப் பாருங்கள். இன்று வீட்டில் இருந்தால் நீங்களே நிறுத்துப் பார்க்கலாமே.

கூலிம்சமையல், கூலிம்
சனி, பிற்பகல் 2.50

நிறுத்துப் பார்த்துவிட்டேன் அண்ணே. கேக் செய்யும் தராசு வீட்டில் இருக்கிறது. ஒரே கட்டைப் பாதியாகப் பிரித்தேன், இரண்டு பக்கமும் 150 கிராம். ஒடித்த பக்கத்தில் சட்டிக்குப் போனது 94 கிராம். வெட்டிச் சீவிய பக்கத்தில் 126. இரண்டையும் ஒரே கொதிநீரில் போட்டு எடுத்து மனைவியிடம் கொடுத்தேன், எது எதென்று சொல்லவில்லை. சீவியதன் அடித்துண்டுதான் இனிப்பு அதிகம் என்றாள். இத்தனை வருஷம் நல்ல பாகத்தை எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். இனிமேல் ஒடிக்க மாட்டேன்.

ஈயச்சட்டி, ஈப்போ
சனி, பிற்பகல் 3.30

நல்ல காரியம் செய்தீர்கள், எல்லாருக்கும் உதவும்.

சீவும்போது தண்டைக் கையில் தூக்கிப் பிடிக்காதீர்கள், நடுவில் முறிந்துவிடும். பலகையில் படுக்க வைத்து, நுனிப்பக்கம் இடது கையால் லேசாக உருட்டிக்கொண்டே, நடுவிலிருந்து அடிக்குச் சீவுங்கள். மேலே மெல்லிசாக, அடிக்குப் போகப் போகக் கொஞ்சம் அழுத்தமாக. பச்சை போய் வெளிர்பச்சை தெரிந்தால் போதும். சீவலைத் தூக்கி எறிய வேண்டாம். வெட்டிய கட்டை முனையையும் சேர்த்து, ஒரு துண்டு இஞ்சி போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், மிளகு ரசத்துக்கு அருமையான தண்ணீர். சக்கையை மட்டும் செடிக்குப் போடுங்கள்.

கழுவுவதும் ஒரு வேலை. நுனியின் செதிலுக்குள் மணல் ஒளிந்திருக்கும். குழாய்க்கு அடியில் காட்டினால் போகாது. ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரில் தலைகீழாக அமுக்கி ஆட்டுங்கள், மணல் அடியில் இறங்கிவிடும்.

இப்போது அடுப்பு. உங்கள் அப்பாவுக்கு நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, கடல்நீர் அளவுக்கு இல்லாமல் ரசத்தின் அளவுக்கு உப்புப் போடுவேன். மூடி போடக்கூடாது. மூடினால் காயிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவி வெளியே போகாமல் திரும்ப அதிலேயே இறங்கும், பச்சை நிறம் செத்துப் பாசிநிறமாகும். விரல் தடிமன் தண்டுக்கு மூன்றரை நிமிடம், பென்சில் தடிமனுக்கு இரண்டு. பல் நன்றாக இருக்கிறவர்களுக்கு இது சரி. பெரியவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கூட விடுங்கள். கத்தி முனையை அடியில் குத்தினால் உருளைக்கிழங்கில் இறங்குவது போல இறங்க வேண்டும். உடனே எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டு, ஆறியதும் வடித்துத் துணியில் ஒற்றிவிடுங்கள். இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவைக்கலாம். மதியம் குவாலியில் (வாணலியில்) ஒரே நிமிடம் பிரட்டினால் போதும்.

பச்சை போகாமல் இருக்க ஆப்பசோடா போடச் சொல்வார்கள், போடாதீர்கள். நிறம் நிற்கும், தண்டு சளசளத்துவிடும்.

பெலாச்சான்அக்கா, சித்தியவான்
சனி, மாலை 5.15

தங்கம், கல்யாண விருந்தில் உங்கள் அப்பாவுக்குப் பிடித்தது இறால் போட்டதுதானே? அதையே செய்யுங்கள். பத்துக் காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து விதையை எடுத்துவிடுங்கள், பெரியவருக்கு என்பதால் ஆறு போதும். ஆறு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, கட்டைவிரல் நக அளவு பெலாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது). பெலாச்சானைக் கரண்டியில் வைத்துத் தீயில் காட்டி வாசனை வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். எண்ணெய் தாராளமாக விட்டுச் சின்னத் தீயில் வதக்குங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நிற்க வேண்டும், அதற்கு முன் எதையும் போடாதீர்கள். பச்சை வாசனை போகாத சம்பல் எந்தக் காயையும் கெடுத்துவிடும். பிறகு தீயைக் கூட்டி இறால். அது சுருண்டு சிவந்ததும் அண்ணன் சொன்னபடி வேகவைத்த தண்டு. பிரட்டி இறக்குங்கள். அடுப்பை அணைத்த பிறகு கொஞ்சம் கஸ்தூரி எலுமிச்சை பிழியலாம்.

புளி மட்டும் வேண்டாம். நான் ஒருமுறை புளித்தண்ணீரில் கொதிக்கவைத்து, பச்சையெல்லாம் போய் மழையில் கிடந்த காக்கிச் சட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. சுவை கெடவில்லை, ஆனால் பிள்ளைகள் தொடவில்லை.

இறால் வேண்டாம் என்கிற நாளில் சொதி. இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டுக் கொதிக்கவைத்து, அடித்துண்டுகளை முதலில் போட்டு, இரண்டு நிமிடம் கழித்து நுனிகளைப் போட்டு, முதல் பால் விட்டதும் இறக்கிவிடுவேன். இடியாப்பத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

பழையமிஸ்ஸி, பத்து காஜா
சனி, மாலை 6.40

நான் பழைய நர்ஸ், சமையல் விஷயத்தில் தலையிடவில்லை. 76 வயது என்று படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. அப்பா என்ன மாத்திரை சாப்பிடுகிறார் அம்மா? இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் ஏதாவது?

லயத்துவாசல், சுங்கை சிப்புட்
சனி, மாலை 7.02

ஆமாம் மிஸ்ஸி! வார்ஃபரின்தான். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று கொடுத்தார்கள். மாதாமாதம் இரத்தம் பார்க்கப் போகிறோம். இந்தத் தண்டு சாப்பிடக்கூடாதா?

பழையமிஸ்ஸி, பத்து காஜா
சனி, மாலை 7.30

பயப்படாதீர்கள், சாப்பிடலாம். அஸ்பாரகஸில் வைட்டமின் கே இருக்கிறது. வார்ஃபரின் வேலை செய்வதே அந்த வைட்டமினின் வேலையைத் தடுத்துத்தான். அதனால் திடீரென்று தினமும் ஒரு கட்டு சாப்பிட்டால் மாத்திரையின் பலம் குறையும். திடீரென்று எல்லாக் கீரையையும் நிறுத்தினால் பலம் கூடிவிடும். ஆபத்து காயில் இல்லை, அளவு தாறுமாறாக மாறுவதில்தான். கீரைகளோடு பார்த்தால் இதில் குறைவுதான். பசலைக்கீரையில் இருப்பது இதைப்போலச் சுமார் பத்து மடங்கு. வாரம் ஒருமுறை நாலைந்து தண்டு என்று ஒரே அளவாகக் கொடுங்கள். அடுத்த முறை இரத்தம் பார்க்கப் போகும்போது “சாப்பாட்டில் இதைச் சேர்த்திருக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அங்கே அதற்கேற்பப் பார்த்துக்கொள்வார்கள்.

கௌட் எனும் மூட்டுவலி உள்ளவர்களும் இதைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். உடலில் யூரிக் அமிலமாக மாறும் ப்யூரின் இதில் ஓரளவு இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், கௌட் வரும் வாய்ப்பைக் கூட்டியது இறைச்சியும் கடல் உணவும்தான். ப்யூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை. கௌட் இருந்தால் சம்பலில் இறாலைத்தான் குறைக்க வேண்டும்.

செம்பனைக்காடு, தெலுக் இந்தான்
சனி, இரவு 8.15

மிஸ்ஸி, கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதைச் சாப்பிட்ட அன்று சிறுநீரில் ஒரு கெட்ட வாடை வருகிறது. என் மனைவிக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையாம். சிறுநீரகத்தில் ஏதாவது கோளாறா?

ஓய்வாசிரியர், கோல கங்சார்
சனி, இரவு 8.50

மிஸ்ஸிக்கு முன்னால் நான் பதில் சொல்லிவிடுகிறேன், அறிவியல் பாடம் நடத்திய பழக்கம். கோளாறு எதுவும் இல்லை. இந்தக் குருத்தில் கந்தகம் கலந்த ஓர் அமிலம் இருக்கிறது, அதன் பெயரே அஸ்பாரகஸை வைத்துத்தான். உடல் அதை உடைக்கும்போது ஆவியாகும் கந்தகப் பொருள்கள் வருகின்றன, அதுதான் வாடை. அரைமணி நேரத்திலேயே தெரியும், சில மணி நேரத்தில் போய்விடும். அந்த வாடையை முகரும் திறன் எல்லாருக்கும் இல்லை. 2016இல் 6,909 பேரிடம் கேட்டுச் செய்த ஆய்வில் ஐந்தில் மூன்று பேர் தங்களுக்கு வாடை தெரியவில்லை என்றார்கள், அது மரபணுவைப் பொறுத்தது என்றும் கண்டார்கள். உங்கள் மனைவி அந்த மூன்று பேரில் ஒருவராக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. இது நமக்கு முற்றிலும் அந்நியமான செடி இல்லை. தண்ணீர்விட்டான் கிழங்கு கேள்விப்பட்டிருப்பீர்கள், நாட்டு மருந்துக் கடையில் சாத்தாவரி என்று பொடியாகக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என் அம்மா பாலில் காய்ச்சிக் கொடுப்பார். அதுவும் அஸ்பாரகஸ் இனம்தான், கூடப்பிறந்த செடி. அதில் நாம் கிழங்கை எடுத்தோம், இதில் அவர்கள் குருத்தை எடுத்தார்கள். கல்யாணப் பூச்செண்டில் மயிலிறகு மாதிரி ஒரு பச்சை வைக்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம். ஆனால் அது அழகுக்கு மட்டும், சமையலுக்கு இல்லை. அதன் பழத்தைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லயத்துவாசல், சுங்கை சிப்புட்
ஞாயிறு, இரவு 8.05

இப்போதுதான் உட்கார முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்கே சந்தைக்குப் போனேன். முதல் கடையில் நுனி ஈரமாக இருந்தது, முகர்ந்தேன், புளித்த வாடை. வைத்துவிட்டேன். மூன்றாவது கடையில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு கட்டு. இரண்டு தண்டை எடுத்து உரசினேன். கீச் என்றது! கடைக்கார அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். 9 வெள்ளி. வீட்டுக்கு வந்ததும் கிளாஸில் நிற்க வைத்துவிட்டுத்தான் பசியாறினேன்.

பலகையில் உருட்டிச் சீவினேன். முதல் இரண்டும் கோணல், மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. சாய்த்து நறுக்கி நுனியைத் தனியாக எடுத்து வைத்தேன். கொதிநீரில் அடித்துண்டு முதலில், மூன்று நிமிடம் போனதும் நுனி, மேலும் ஒன்றரை நிமிடம். மூடியைத் தொடவே இல்லை. கத்தி உருளைக்கிழங்கில் இறங்குவது போல இறங்கியது, அண்ணன் சொன்ன அதே மாதிரி. சம்பல் எண்ணெய் பிரிய இருபது நிமிடம் ஆனது. பாதியில் போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது, சித்தியவான் அக்காவை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கை வரவில்லை. ஐந்து தண்டு அளவாகத்தான் வைத்தேன், மிஸ்ஸி சொன்னபடி. கை கழுவப் போகும்போது, “தோட்டத்துல மறுநடவுக்கு மரம் சாய்ச்சப்போ குருத்து வெட்டிக் கொண்டாந்து உங்கம்மா கறி வைப்பா, அதே பதம்” என்றார். அம்மா போய் ஆறு வருஷம். அப்பா அவரைப் பற்றித் தானாகப் பேசுவது அபூர்வம்.

சீவலில் ரசம் வைத்தேன், இரவுக்கு அதுதான். ரசத்தைக் குடித்துவிட்டு அப்பா ஒரு கேள்வி கேட்டார்: இதை நம் வீட்டுப் பின்னால் போட முடியாதா? யாராவது வளர்த்திருக்கிறீர்களா?

மழைச்சாரல், தாப்பா
ஞாயிறு, இரவு 9.20

நான் வளர்க்கிறேன் அக்கா, நான்கு வருஷமாக. அப்பாவிடம் முடியும் என்று சொல்லுங்கள். ஆனால் பொறுமை வேண்டும். விதை போட்டு முதல் வருஷம் ஒரு தண்டுகூட வெட்டக்கூடாது. எல்லாம் மயிலிறகு மாதிரி விரியட்டும், அதுதான் வேருக்குச் சாப்பாடு சேர்க்கும். நான் இரண்டாம் வருஷக் கடைசியில்தான் வெட்ட ஆரம்பித்தேன்.

நம்மூரில் குளிர்காலம் இல்லாததால் செடி ஓய்வு எடுப்பதில்லை. ஜெர்மனியில் வெள்ளை அஸ்பாரகஸை ஜூன் 24 வரைதான் வெட்டுவார்கள், பிறகு அடுத்த வருஷத்துக்காகச் செடியை விட்டுவிடுவார்கள். நமக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. தாய்லாந்திலும் தைவானிலும் செய்வது போல ஒவ்வொரு தூரிலும் மூன்று நாலு தண்டைத் தாய்த்தண்டாக விரியவிட்டு, புதிதாக முளைக்கிறதை மட்டும் வெட்டுவேன். தாய்த்தண்டு மஞ்சளாகிக் கிழடானால் அதை எடுத்துவிட்டு வேறொன்றை விடுவேன். பால்மரம் வெட்டிய கை என்றால் அப்பாவுக்கு இது சொல்லியே கொடுக்க வேண்டாம். மரம் இளைக்காமல் பார்த்து வெட்டுகிற பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கும்.

தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், மேட்டுப் பாத்தி கட்டுங்கள். தோட்டத்து மண் பெரும்பாலும் புளிப்பு, இதற்கு அது ஆகாது. நடுவதற்கு ஒரு மாதம் முன்பே சுண்ணாம்புத்தூள் கலந்துவிடுங்கள். விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். தலைமுடி மாதிரி மெல்லிசாக வரும், புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

என் செடியில் இப்போது சிவப்புப் பழம் நிறைய இருக்கிறது. காய்ந்ததும் விதை எடுத்து உறையில் போட்டு, காய்கறிலோரி அண்ணனிடம் கொடுத்து அனுப்பட்டுமா?

காய்கறிலோரி, தாப்பா
ஞாயிறு, இரவு 9.34

கொடுங்கள். செவ்வாய்க்கிழமை சுங்கை சிப்புட் பக்கம்தான் போகிறேன்.